இடிக்கப்பட்ட லாட்ஜ் கட்டடத்தின் வரலாற்றைத் திரட்டும் முறை

அமெரிக்க நகரங்களின் பழைய கடைவீதியில் நல்ல மூலைமனை ஒன்று வெறும் வாகன நிறுத்துமிடமாகக் கிடந்தால், அங்கே ஒரு காலத்தில் ஃப்ரீமேசன், ஆட் ஃபெலோஸ், நைட்ஸ் ஆஃப் பித்தியஸ், எல்க்ஸ் என்று ஏதாவது ஒரு சகோதர சங்கத்தின் லாட்ஜ், அதாவது உள்ளூர்க் கிளை, கூடிய கட்டடம் நின்றிருக்கக்கூடும். அரசாங்கக் காப்பீடு இல்லாத நாளில், உழைக்கும் மக்களில் பலருக்கு நோய்ப்படியும் ஈமச்செலவும் விதவை உதவியும் இந்தச் சங்கங்கள் வழியாகத்தான் கிடைத்தன. உறுப்பினர்கள் சந்தா சேர்த்துக் கட்டிய கட்டடம் தரைமட்டமான பிறகு, அதை யார் கட்டினார்கள், பணம் எங்கிருந்து வந்தது, ஏன் போயிற்று என்பதெல்லாம் ஏழெட்டு அலுவலகங்களின் பதிவேடுகளில் சிதறிக் கிடக்கிறது. அவற்றைச் சேர்த்தெடுக்கும் வழியைத்தான் இங்கே சொல்கிறோம்.

கட்டடத்தின் பெயரை மட்டும் நம்பித் தேடக் கூடாது. பெயர் மாறும், ஒரே பெயரில் இரண்டு கட்டடங்களும் இருக்கும். நம்பத் தகுந்தவை இரண்டு. ஒன்று மனையின் சட்ட விவரம், அதாவது பிளாக் எண்ணும் மனை எண்ணும். மற்றது லாட்ஜின் எண். மனைக்கு ஒரு தாள், லாட்ஜுக்கு ஒரு தாள் என்று தனித்தனியே ஆண்டுவாரியாக எழுதிக்கொண்டு வாருங்கள். இரண்டு தாள்களும் எந்த ஆண்டில் சேர்கின்றன, எந்த ஆண்டில் பிரிகின்றன என்பதில்தான் கட்டடத்தின் கதை இருக்கிறது.

சிகாகோவை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டேட் தெருவும் ராண்டால்ஃப் தெருவும் சந்திக்கும் மூலையில் பர்னம் அண்ட் ரூட் நிறுவனம் வடிவமைத்த மேசானிக் டெம்பிள் 1892இல் எழுந்தது. உயரம் 302 அடி. நடுமுற்றத்தைச் சுற்றிக் கடைகள், அதற்கு மேல் அலுவலகங்கள், உச்சியில் மேசன்களின் (ஃப்ரீமேசன்களின்) கூடங்கள். 1922இல் அதன் பெயர் கேபிடல் பில்டிங் ஆனது. 1926இல் அதே ராண்டால்ஃப் தெருவில், ஓரியண்டல் திரையரங்கை உள்ளடக்கி, நியூ யுனைட்டட் மேசானிக் டெம்பிள் என்ற வேறொரு கட்டடம் வந்தது. பழையது 1939இல் இடிக்கப்பட்டது. ‘மேசானிக் டெம்பிள்’ என்ற சொல்லை மட்டும் வைத்து 1930களின் செய்தித்தாள்களைத் துழாவினால் புதிய கட்டடத்தின் செய்திகள் பழையதன் கணக்கில் ஏறிவிடும். மனை விவரம் கையில் இருந்தால் இந்தக் குழப்பம் வராது.

முகவரியை உறுதி செய்தல்

கதவிலக்கத்தை அப்படியே நம்ப வேண்டாம். பல நகரங்கள் ஒருகட்டத்தில் எல்லாத் தெருக்களுக்கும் புது இலக்கம் கொடுத்தன. சிகாகோவில் இது 1909இலும், நகர மையமான லூப் பகுதியில் 1911இலும் நடந்தது, பிலடெல்பியாவில் 1857இல். உங்கள் நகரத்துக்கு மாற்ற அட்டவணை இருக்கிறதா என்று பொது நூலகத்தின் உள்ளூர் வரலாற்றுப் பிரிவில் கேளுங்கள். இல்லாவிட்டால், மாற்றத்துக்கு முந்தைய ஆண்டின் நகர டைரக்டரியையும் (ஊராரையும் கடைகளையும் முகவரியோடு பட்டியலிடும் நூல்) பிந்தைய ஆண்டினதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இடம் மாறாத ஒரு மருந்துக்கடையையோ வங்கியையோ பிடித்து இலக்கத்தை ஒப்பிடுங்கள்.

கட்டடம் உண்மையிலேயே முழுதும் போய்விட்டதா என்பதையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிடுங்கள். மேல்மாடி தீப்பிடித்த பிறகு அதை மட்டும் நீக்கிவிட்டு, கீழிரண்டு மாடிகளுக்குப் புது முகப்பு ஒட்டிய கட்டடங்கள் உண்டு. தெருவிலிருந்து பார்த்தால் 1960களின் கடை. பின்சந்துக்குப் போனால் பழைய செங்கல் சுவரும் அடைக்கப்பட்ட வளைவு சன்னல்களும் அப்படியே இருக்கும்.

சான்போர்ன் வரைபடங்கள்

தீக்காப்பீட்டு நிறுவனங்களுக்காக 1867இலிருந்து சான்போர்ன் நிறுவனம் வரைந்த நகர வரைபடங்கள் இந்த வேலைக்கு முதுகெலும்பு. ஏறத்தாழ 12,000 ஊர்களுக்கு இவை உண்டு. காங்கிரஸ் நூலகம் (அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகம்) பெருந்தொகுதி ஒன்றை வருடி இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அளவு பெரும்பாலும் ஓர் அங்குலத்துக்கு 50 அடி. தாளில் 0.88 அங்குலம் இருந்தால் தரையில் 44 அடி முகப்பு. திரையில் அளக்கும்போது படத்தின் அளவுகோட்டை வைத்தே அளக்க வேண்டும், ஏனெனில் வருடும்போது அளவு மாறியிருக்கும்.

நிறங்கள் பேசும். இளஞ்சிவப்பு செங்கல், மஞ்சள் மரச்சட்டம், நீலம் கல், சாம்பல் இரும்பு. கறுப்புவெள்ளை மைக்ரோஃபிலிமில் இது அத்தனையும் காணாமல் போகும். செங்கல் கட்டடத்தை மரக்கட்டடம் என்று எழுதிவைத்த உள்ளூர் வரலாறுகள் சிலவற்றுக்கு இதுவே காரணம். வண்ணப் பிரதி கிடைக்கும்வரை கட்டுமானப் பொருளைப் பற்றி எழுதாதீர்கள்.

கட்டடத்துக்குள் எழுதியிருக்கும் சிறு எழுத்துகளை உருப்பெருக்கிப் படியுங்கள். மாடிகளின் எண்ணிக்கை, கூரை வகை, அடிக்கணக்கில் உயரம், தரைத்தளத்தில் என்ன கடை, எந்த மாடியில் லாட்ஜ் கூடம் எல்லாம் அங்கே இருக்கும். ‘மேசானிக் ஹால் 3ஆம் மாடி’ என்று குறித்திருந்தால் முழுக் கட்டடமும் மேசன்களுடையது என்று ஆகிவிடாது. கடைக்காரர் இரண்டு மாடி கட்ட, லாட்ஜ் தன் செலவில் மூன்றாம் மாடியை மட்டும் கட்டி, அந்த மாடிக்கு மட்டும் பத்திரம் வைத்திருந்த ஏற்பாடுகள் சிறு நகரங்களில் நிறைய. உயரத்தைக் கவனியுங்கள்: மூன்று மாடிக் கட்டடம் பக்கத்து மூன்று மாடியைவிடக் கணிசமாக உயர்ந்திருந்தால், மேல்தளத்தில் உயரமான கூடம் இருந்ததற்கு அது அடையாளம். புகைப்படத்தில் அந்தத் தளத்தில் குருட்டுச் சன்னல்களோ மிக உயரத்தில் தொடங்கும் சன்னல்களோ தெரியும். உள்ளே நடப்பது வெளியே தெரியாதிருக்கச் செய்த ஏற்பாடு அது.

இந்த வரைபடங்களில் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. மாற்றம் வரும்போதெல்லாம் நிறுவனம் சிறு துண்டுத்தாள் அச்சிட்டு, பழைய தாளின் மேல் ஒட்டச் செய்தது. அதனால் 1909 பதிப்பு என்று அட்டையில் இருக்கும் தொகுதியில் 1920களின் நிலை தெரியலாம். முதல் பக்கத்தில் திருத்தப் பதிவு ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ‘1909 பதிப்பில் உள்ளது’ என்று எழுதாமல் ‘1909 பதிப்பு, 1926 வரை திருத்தியது’ என்று எழுதினால் பின்னால் வருபவர் தடுமாற மாட்டார்.

டைரக்டரியும் லாட்ஜ் எண்ணும்

போல்க் முதலிய நிறுவனங்களின் நகர டைரக்டரிகளில் ‘இரகசியச் சங்கங்கள்’ அல்லது ‘சங்கங்கள்’ என்ற தலைப்பில் ஒவ்வொரு லாட்ஜின் பெயர், எண், கூடும் நாள், கூடும் இடம் இருக்கும். மாதத்தின் முதல், மூன்றாம் செவ்வாய் இன்ன ஹாலில் என்பது போல. உங்கள் ஹாலில் கூடிய எல்லாச் சங்கங்களையும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரிசைப்படுத்துங்கள். சொந்தக்கார லாட்ஜ் ஒன்று, வாடகைக்குக் கூடிய சங்கங்கள் பல என்று பிரிந்து தெரியும். வாடகைக்காரர்கள் குறையத் தொடங்கும் ஆண்டிலிருந்து கட்டடத்தின் வருமானம் சரிகிறது என்று கொள்ளலாம். கணக்கெடுப்பு முந்தைய மாதங்களில் நடப்பதால், 1912 டைரக்டரி காட்டுவது பெரும்பாலும் 1911 கடைசியில் இருந்த நிலையை.

எண் கிடைத்ததும் அந்த மாநில கிராண்ட் லாட்ஜின், அதாவது லாட்ஜ்களுக்கு மேலான தலைமை அமைப்பின், ஆண்டு நடவடிக்கை நூல்களுக்குப் போங்கள். எந்த ஆண்டு தற்காலிக அனுமதி, எந்த ஆண்டு சாசனம், ஆண்டுதோறும் எத்தனை உறுப்பினர், எப்போது வேறு லாட்ஜுடன் இணைந்தது, எப்போது சாசனத்தைத் திருப்பிக் கொடுத்தது எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். மேசன்களின் எண் வரிசை மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனி என்பதால், வெறும் ‘எண் 7’ என்று குறித்துக்கொள்வதில் பயனில்லை. சங்கம், மாநிலம், எண் மூன்றும் வேண்டும்.

கறுப்பின மக்களின் லாட்ஜ்களைத் தேடுபவர்கள் இங்கே கூடுதல் கவனம் எடுக்க வேண்டும், ஏனெனில் அவர்களின் பதிவுகள்தான் மிக எளிதில் தவறவிடப்படுகின்றன. பிரின்ஸ் ஹால் மேசன்களுக்குத் தனி கிராண்ட் லாட்ஜ்கள் உண்டு. அவர்களின் மரபு 1784இல் இங்கிலாந்து கிராண்ட் லாட்ஜ் ஆப்பிரிக்கன் லாட்ஜ் எண் 459க்குக் கொடுத்த சாசனத்திலிருந்து வருகிறது. ஆகவே ஒரே மாநிலத்தில் இரண்டு ‘எண் 7’ இருக்கும். கிராண்ட் யுனைட்டட் ஆர்டர் ஆஃப் ஆட் ஃபெலோஸ் 1843இல் பீட்டர் ஆக்டன் முயற்சியால் நேரே இங்கிலாந்திலிருந்து சாசனம் பெற்றது; வரிசையும் இங்கிலாந்தினதே. ஆட் ஃபெலோஸ் லாட்ஜ் ஒன்றின் எண் ஆயிரத்தைத் தாண்டியிருந்தால் இந்தச் சங்கமா என்று முதலில் பாருங்கள். டைரக்டரியில் இவர்களைத் தனிப் பட்டியலாகக் கடைசியில் போட்டிருப்பார்கள், அல்லது பெயரருகே இனக்குறி இருக்கும். நகரத்தின் பெரிய நாளிதழ் இவர்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதாத இடத்தில், 1905இல் தொடங்கிய சிகாகோ டிஃபெண்டர் போன்ற கறுப்பினப் பத்திரிகைகள் வெளியூர்ச் செய்திப் பத்திகளில் அடிக்கல் விழாவையே விவரித்திருக்கும்.

வில்லங்கம் பார்த்தல்

கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) பத்திரப்பதிவு அலுவலகத்தில் இன்றைய உரிமையாளரில் தொடங்கிப் பின்னோக்கிப் போங்கள். விற்றவர் பட்டியல், வாங்கியவர் பட்டியல் என்று இரண்டு அட்டவணைகள் இருக்கும். லாட்ஜ் எந்த எழுத்தின் கீழ் ஏறியிருக்கும் என்பதுதான் தலைவலி. ஆட் ஃபெலோஸ் லாட்ஜ் என்றால், முழுப்பெயரின் முதற்சொற்களான ‘இண்டிபெண்டண்ட் ஆர்டர்’ என்று ஒரு குமாஸ்தா, ‘ஆட் ஃபெலோஸ்’ என்று இன்னொருவர், லாட்ஜின் சொந்தப் பெயரில் மூன்றாமவர், ‘டிரஸ்டிகள்’ என்ற சொல்லின் கீழ் நான்காமவர். பல இடங்களில் முதல் டிரஸ்டியின் குடும்பப் பெயரின் கீழ் மட்டுமே இருக்கும். எனவே டைரக்டரியிலிருந்து அந்தந்த ஆண்டின் டிரஸ்டிகள் பெயரை முன்கூட்டியே எடுத்துக்கொண்டு போங்கள்.

கட்டடம் லாட்ஜின் பெயரில் இல்லாமல் ‘டெம்பிள் அசோசியேஷன்’ அல்லது ‘பில்டிங் கம்பெனி’ என்ற தனி நிறுவனத்தின் பெயரில் இருப்பது மிக வழக்கம். உறுப்பினர்களுக்குப் பங்கு விற்று, கடன்பத்திரம் வெளியிட்டு, கடை வாடகையில் வட்டி கட்டுவது திட்டம். மாநிலச் செயலர் அலுவலகத்தில் அந்த நிறுவனத்தின் பதிவு ஆவணம் கிடைக்கும். மூலதனமும் முதல் இயக்குநர்களும் அதில் இருப்பார்கள். 1920களில் இப்படிக் கடன் வாங்கிக் கட்டியவை, 1929க்குப் பிறகு வாடகையும் சந்தாவும் ஒருசேர விழுந்தபோது ஏலத்துக்குப் போயின. இடித்தது 1950களில் என்றாலும், லாட்ஜின் கையைவிட்டுப் போனது 1930களில் இருக்கலாம். ஷெரிஃப் விற்பனைப் பத்திரம், அடமான வழக்குப் பதிவு, 99 ஆண்டு மனைக் குத்தகை ஆகியவற்றைத் தனிப் புத்தகங்களில் தேட வேண்டும். கிரயப் பத்திரங்களோடு நிறுத்திவிட்டால் இந்தக் கண்ணி விடுபட்டுப் போகும்.

பொதுச்சுவர் ஒப்பந்தம் என்று ஒன்று தென்பட்டால் விடாதீர்கள். இரண்டு கட்டடங்கள் ஒரே சுவரைப் பகிர்வதற்கான அந்த ஒப்பந்தத்தில் சுவரின் தடிமன், உயரம், யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது எழுதப்பட்டிருக்கும். வரைபடமே கிடைக்காத கட்டடத்துக்கு இதுதான் துல்லியமான அளவு.

விலைக்கு ‘ஒரு டாலரும் பிற நற்பயனும்’ என்றே பல பத்திரங்களில் இருக்கும். 1940 முதல் 1967 வரையான பத்திரங்களில் ஒட்டிய மத்திய வரி வில்லைகளை எண்ணினால் உண்மை விலையை நெருங்கலாம். 500 டாலருக்கு 55 சென்ட் என்பது வீதம். 11 டாலர் வில்லை இருந்தால் ஏறத்தாழ 10,000 டாலர். வாங்கியவர் பழைய அடமானத்தையும் ஏற்றிருந்தால் அந்தத் தொகை இதில் வராது, ஆகவே அடமானப் பதிவையும் சேர்த்துப் பாருங்கள்.

அடிக்கல்லும் அதன் ஆண்டும்

அடிக்கல்லில் 5906 என்று பொறித்திருந்தால் அது 1906. மேசன்களின் ‘அன்னோ லூசிஸ்’ கணக்கு நம் ஆண்டோடு 4000 கூட்டியது. ராயல் ஆர்ச் பிரிவு 530 கூட்டும், நைட்ஸ் டெம்ப்ளர் 1118 கழிக்கும். அதே 1906, ராயல் ஆர்ச்சில் 2436, டெம்ப்ளர்களிடம் 788. ஒரே கல்லில் இரண்டு ஆண்டுகள் இருந்தால் பெரும்பாலும் ஒன்று லாட்ஜ் தொடங்கியது, மற்றது கட்டடம் தொடங்கியது. கட்டடம் நிறைவு செய்யப்பட்ட ஆண்டைக் கல் சொல்லாது. அடிக்கல் நாட்டியபின் பணமில்லாமல் ஓரிரண்டு ஆண்டு நின்ற கட்டடங்கள் உண்டு என்பதால் அர்ப்பணிப்பு விழாச் செய்தியைத் தனியே தேடியே ஆக வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. நீதிமன்றம், பள்ளி, தேவாலயம் முதலியவற்றுக்கும் மேசன்கள் சடங்குடன் அடிக்கல் நாட்டினார்கள். மீட்கப்பட்ட கல்லில் மேசன்களின் சின்னமான மூலைமட்டமும் கவராயமும் இருப்பதால் மட்டும் அது லாட்ஜ் கட்டடத்தின் கல் ஆகிவிடாது.

அடிக்கல்லுக்குள் வைத்த செப்புப் பெட்டியில் என்னென்ன இருந்தன என்று அன்றைய நாளிதழ் முழுப் பட்டியல் போட்டிருக்கும்: உறுப்பினர் பட்டியல், நாணயங்கள், அன்றைய செய்தித்தாள்கள், துணைவிதிகள். இடித்தபோது பெட்டியைத் திறந்த செய்தியும் வந்திருக்கலாம். இரண்டு பட்டியல்களையும் ஒப்பிட்டு, பெட்டி இப்போது எங்கே என்று அந்த லாட்ஜ் இணைந்த புது லாட்ஜிடம் கேளுங்கள்.

செய்தித்தாளும் அனுமதிப் பதிவும்

பழைய செய்தித்தாள்களுக்கான, காங்கிரஸ் நூலகத்தின் குரோனிக்ளிங் அமெரிக்கா தளம் இலவசம். எழுத்துணரி மென்பொருள் பழைய அச்சைத் தப்பாகப் படிக்கும் என்பதால், முழுப்பெயரோடு சுருக்கங்களையும் போடுங்கள்: ஐ.ஓ.ஓ.எஃப். (ஆட் ஃபெலோஸ்), கே. ஆஃப் பி. (நைட்ஸ் ஆஃப் பித்தியஸ்), பி.பி.ஓ.இ. (எல்க்ஸ்). புள்ளிக்குப் பின் இடைவெளி விட்டும் விடாமலும் தேட வேண்டும். கட்டடப் பெயர் கிடைக்காவிட்டால் கட்டடக்கலைஞர், ஒப்பந்தக்காரர், தரைத்தளக் கடை இவர்களின் பெயரில் தேடுங்கள்.

நாளிதழ் அறிவிக்கும் செலவு பெரும்பாலும் ஆசையின் கணக்கு. நகராட்சி அனுமதிச் சீட்டில் உள்ளது பெரும்பாலும் கட்டணம் குறைய எழுதிய கணக்கு. இரண்டையும் குறித்து, அடமானத் தொகையை மூன்றாவதாகப் பக்கத்தில் வையுங்கள். கட்டடத்தின் அளவுக்குப் பொருந்துவது பெரும்பாலும் அந்த மூன்றாவதுதான். 1876இலிருந்து வந்த அமெரிக்கன் ஆர்க்கிடெக்ட், 1883இலிருந்து வந்த இன்லண்ட் ஆர்க்கிடெக்ட் போன்ற தொழில் இதழ்களில் வரைபடம் வந்திருந்தால் அது கட்டப்பட்டதுதானா என்று சான்போர்னோடு ஒத்துப்பாருங்கள். கோபுரமும் இரண்டு மாடியும் வரைபடத்தோடு நின்றுபோவது சகஜம்.

படங்கள்

அஞ்சலட்டையின் பின்பக்கம் பிரிக்கப்படாமல், முகவரிக்கு மட்டும் இடம் இருந்தால் அது 1907 மார்ச் 1க்கு முன் அச்சானது. வெள்ளை விளிம்பு பெரும்பாலும் 1915 முதல் 1930 வரை. துணி போன்ற தாள் 1930க்குப் பின். இதெல்லாம் அட்டையின் வயது. படம் பத்தாண்டு மூத்ததாக இருக்கலாம். அச்சகத்தார் மின்கம்பிகளை அழித்து, கார்களைப் புதிதாக வரைந்து சேர்த்த அட்டைகள் ஏராளம். வண்ணமும் நம்பத்தக்கதல்ல, ஊரைப் பார்க்காதவர் பூசியது. முகப்பின் நிறத்துக்கு அஞ்சலட்டையைச் சாட்சியாக்காதீர்கள்.

நியூயார்க்கில் 1939 முதல் 1941 வரை வரி மதிப்பீட்டுக்காக எடுத்த படங்கள் நகராட்சி ஆவணக்காப்பகத்தில் உள்ளன. மற்ற நகரங்களில் மதிப்பீட்டாளரின் சொத்து அட்டையைக் கேளுங்கள். சிறு படமும் தரைவரைபடமும், கடைசியில் கட்டடம் இடிக்கப்பட்ட குறிப்பும் இருக்கும். 1933இல் தொடங்கிய வரலாற்றுச் சிறப்புள்ள அமெரிக்கக் கட்டடங்களின் கணக்கெடுப்பில் உங்கள் கட்டடம் சேர்ந்திருந்தால் அளவெடுத்த வரைபடங்களே கிடைக்கும்.

இடிப்பின் தேதியும் காரணமும்

இடிப்புக்கு ஒரே தேதி கிடையாது. ஒப்பந்தம், அனுமதி, வேலை தொடங்கியது, மனை வெறுமையானது என்று நான்கு உண்டு. எதைச் சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள். இடிப்பு ஒப்பந்தக்காரர்கள் பழைய செங்கல், உத்தரம், கதவு, ஓக் பலகை விற்க வரி விளம்பரம் கொடுப்பார்கள். கட்டடத்தின் பெயரும் அதில் இருக்கும். முதல் விளம்பரமும் கடைசி விளம்பரமும் வேலை நடந்த காலத்தைக் காட்டிவிடும். ஆண்டு மட்டும் தெரிந்தால் விமானப் படங்களைப் பாருங்கள். அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் எர்த் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் பழைய படங்கள் உண்டு. கட்டடம் நிற்கும் கடைசிப் படம், இல்லாத முதல் படம் இரண்டுக்கும் நடுவே தேதியை இறுக்கலாம்.

காரணத்தை ‘நலிவு’ என்ற ஒரே சொல்லில் முடிப்பது நியாயமல்ல. சிகாகோ மேசானிக் டெம்பிள் போனதற்கு உள்வசதிகளின் குறைபாடு ஒரு காரணம். ஸ்டேட் தெருவின் அடியில் வரவிருந்த சுரங்க ரயிலுக்காக அடித்தளத்தைப் பெருஞ்செலவில் மாற்ற வேண்டியிருந்தது இன்னொன்று. 1949 வீட்டுவசதிச் சட்டத்துக்குப் பின் நகரப் புதுப்பித்தல் என்ற பெயரிலும், 1956 நெடுஞ்சாலைச் சட்டத்துக்குப் பின் சாலைக்காகவும் கையகப்படுத்தப்பட்ட கட்டடங்களுக்கு உறுப்பினர் குறைவைக் காரணம் காட்டுவது பெரும்பிழை. அந்த லாட்ஜ்கள் பல நல்ல நிலையில் இருந்தன. மருத்துவர் அறையும் காப்பீட்டு அலுவலகமும் நடனக்கூடமும் அதே கூரையின் கீழ் இயங்கின. கறுப்பின வணிகத் தெருக்களில் இது திரும்பத் திரும்ப நடந்தது. புதுப்பித்தல் முகமையின் கோப்புகள் நகர ஆவணக்காப்பகத்தில் மனை வாரியாக இருந்தால், மதிப்பீட்டாளர் அறிக்கை, உட்புறப் படங்கள், வாடகைதாரர் பட்டியல், கொடுத்த இழப்பீடு நான்கும் ஒரே உறையில் கிடைக்கும். அந்த ஆண்டின் கிராண்ட் லாட்ஜ் நூலில் உறுப்பினர் எண்ணிக்கையைப் பார்த்து, இழப்பீட்டுத் தொகையோடு சேர்த்து வெளியிடுங்கள்.

லாட்ஜைக் கேட்பது

இணைந்த லாட்ஜ் இன்றும் இயங்கினால் அதன் செயலருக்கு எழுதுங்கள். கூட்டக் குறிப்பேடுகளை வெளியாருக்குத் தர மாட்டார்கள். ‘வரலாறு வேண்டும்’ என்று பொதுவாகக் கேட்டால் பதில் வராது. பத்திரத்திலும் நாளிதழிலும் எடுத்த தேதிகளைக் கொடுத்து, அந்த மூன்று நான்கு கூட்டங்களில் கட்டடம் பற்றிய தீர்மானத்தை மட்டும் வாசித்துச் சொல்ல முடியுமா என்று கேளுங்கள். டிரஸ்டிகளின் கணக்கேடு, காப்பீட்டுப் பாலிசி, வாடகைப் புத்தகம் இவை சடங்கோடு சம்பந்தப்படாதவை. கேட்கத் தயங்க வேண்டாம். நோய்ப்படிப் பதிவேடு கண்ணில் பட்டால், அதில் உள்ளவர்களின் பெயரையும் நோயையும் வெளியிடாதீர்கள்.

எழுதி முடித்ததும் ஒரு பிரதியைக் கவுண்டி வரலாற்றுச் சங்கத்திலும் ஒன்றைப் பொது நூலகத்திலும் கொடுங்கள். கோப்பின் தலைப்பில் பிளாக் எண், மனை எண், பழைய கதவிலக்கம், புதிய கதவிலக்கம், சங்கத்தின் பெயர், லாட்ஜ் எண் ஆறும் இருக்கட்டும். ஒத்துப்போகாத தேதிகளை ஒன்றாக்கிவிடாமல், எது எந்த ஆவணத்தில் உள்ளது என்று இரண்டையும் அப்படியே விட்டுவையுங்கள்.